ஸ்கேனரா, பஃபர்டுரீடரா, வெறும் பைட்டா: ஜாவாவில் உள்ளீட்டை எதை வைத்துப் படிப்பது?

ஜாவா பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே, உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேனர் என்ற கிளாஸைத் தொட்டுவிடுவார்கள். இரண்டாவது மாதம் யாராவது வந்து, "ஸ்கேனர் ரொம்ப மெதுவு, பஃபர்டுரீடர் போடு" என்பார். இன்னும் கொஞ்ச நாள் போனால் வேறொருவர், "எதற்கு இத்தனை வரி? ஃபைல்ஸ்.ரீட்ஸ்ட்ரிங்() ஒன்று போதுமே" என்பார். மூவர் சொல்வதும் உண்மைதான். குழப்பமே அதனால்தான் வருகிறது.

"இதில் எதைத்தான் எடுப்பது?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் வேகத்தை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். என் வரிசையில் வேகம் கடைசி. நான் முதலில் பார்ப்பது, தப்பு நடந்தால் இது கத்துமா, கமுக்கமாக இருந்துவிடுமா என்பதை. கத்துகிற பிழையைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். கமுக்கமான பிழை மாதக்கணக்கில் கூடவே குடியிருக்கும்.

இத்தனை வழிகள் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996இல் வந்த ஜாவா 1.0இல் இன்புட்ஸ்ட்ரீம் இருந்தது. அது பைட்டுகளை (0 முதல் 255 வரையான எண்கள்) மட்டும் அறியும். எழுத்துகளுக்கென்று ரீடர் குடும்பம் 1997இல், 1.1 பதிப்பில் வந்தது. 2004இல் ஜாவா 5 ஸ்கேனரைக் கொண்டுவந்தது, 2011இல் ஜாவா 7 ஃபைல்ஸ் கிளாஸை. ஸ்ட்ரீம் முழுவதையும் ஒரே மூச்சில் வாங்கும் ரீட்ஆல்பைட்ஸ்() 2017இல் ஜாவா 9ஓடு வந்தது, ரீட்ஸ்ட்ரிங்() அடுத்த ஆண்டு ஜாவா 11ஓடு. புதியது வந்தபோது பழையதை யாரும் இடிக்கவில்லை. கூடத்துக்குப் பக்கத்தில் கூடமாகக் கட்டிக்கொண்டே போன வீடு இது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், வருவது பைட்டா எழுத்தா? படம், ஒலி, ஜிப், நெட்வொர்க் நெறிமுறை என்றால் பைட். மனிதர் படிக்கிற எதுவும் எழுத்து. இந்தக் கோட்டைத் தாண்டும்போது எந்தக் குறியாக்கத்தில் (எந்த எழுத்துக்கு எந்த பைட்டுகள் என்ற விதி) தாண்டுகிறோம் என்று சொல்லியே ஆக வேண்டும். நாம் சொல்லாவிட்டால் ஜாவா தானே ஒன்றை வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, உள்ளீடு எங்கே முடிகிறது? ஃபைலுக்கு முடிவு உண்டு. கீபோர்டுக்கு, பயனர் முடித்துக்கொள்ளும் வரை இல்லை. சாக்கெட்டுக்கு (நெட்வொர்க் இணைப்பின் முனை), எதிர்முனை மூடும் வரை இல்லை.

மூன்றாவது, முன்பே சொன்ன சத்தம். உடைந்த எழுத்து, பாதியில் அறுந்த இணைப்பு, எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ. இந்த மூன்றிலும் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது நினைவகம், ஐந்தாவது வேகம். வேகத்தைப் பற்றி இப்போதே ஒரு கணக்குப் போட்டுவிடலாம். ஒரு ஃபைலை பஃபர் (தரவை மொத்தமாக வாங்கி வைக்கும் தற்காலிக இடம்) இல்லாத ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமில் ரீட்() ரீட்() என்று பைட் பைட்டாகப் படித்தால், ஒவ்வொரு அழைப்பும் இயங்குதளம் வரை போய்த் திரும்பும். 1 எம்பி என்றால் 10,48,576 பயணம். அதே ஃபைலுக்கு 8,192 பைட் பஃபர் வைத்தால் 128 பயணம். பல இடங்களில் "வேகமான கிளாஸ்" என்று கொண்டாடப்படுவது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான். நடுவில் பஃபர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் வேகத்தைத் தேடி ஓட வேண்டிய வேலைகள் குறைவு.

## ஸ்கேனர்

ஸ்கேனரின் கவர்ச்சி, அது பிரித்தும் கொடுக்கும், மாற்றியும் கொடுக்கும் என்பது. நெக்ஸ்ட்இன்ட்() கேட்டால் எண், நெக்ஸ்ட்லைன்() கேட்டால் வரி. ஐந்து வரி கோடில் ஒரு பயிற்சிக் கணக்கு ஓடிவிடும். கற்றுக்கொள்கிற நேரத்தில் அது பெரிய நிம்மதி.

இதில் எல்லோரும் விழுகிற முதல் குழியை மெதுவாகப் பார்ப்போம். "வயது?" என்று கேட்கிறீர்கள். பயனர் 2, 7, என்டர் என்று மூன்று விசை தட்டுகிறார். நெக்ஸ்ட்இன்ட்() 27ஐ எடுத்துக்கொள்கிறது. என்டரின் வரி முறிவு எண் இல்லை என்பதால் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அடுத்து "பெயர்?" என்று கேட்டு நெக்ஸ்ட்லைன்() அழைக்கிறீர்கள். அது வரி முறிவு வரைக்கும் இருப்பதைக் கொடு என்ற ஆணை. வரி முறிவுதான் முன்னாலேயே நிற்கிறதே! வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரையை) கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. பயனர் பெயரைத் தட்டக்கூட இல்லை, நிரல் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டது. நடுவில் ஒரு வெற்று நெக்ஸ்ட்லைன்() போட்டு எச்சத்தைத் துடைப்பது வழக்கமான மருந்து. எனக்கு அது பிடிக்காது. எல்லாவற்றையும் நெக்ஸ்ட்லைன்() வழியாகவே வாங்கி, எண் வேண்டிய இடத்தில் இன்டிஜர்.பார்ஸ்இன்ட்() வைத்து மாற்றுங்கள். எச்சம் என்ற பேச்சே எழாது.

இரண்டாவது குழி இதைவிட வேடிக்கை. பயனர் எண்ணுக்குப் பதில் "இருபது" என்று தட்டினால் நெக்ஸ்ட்இன்ட்() எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசும். சரி, கத்துகிறதே, நல்லதுதான். ஆனால் அந்தச் சொல்லை விழுங்காமல் அங்கேயே விட்டுவிடும். எக்ஸெப்ஷனைப் பிடித்து "மீண்டும் எண் தரவும்" என்று லூப் போட்டிருந்தால், அடுத்த சுற்றிலும் அதே சொல், அதே எக்ஸெப்ஷன். திரை முழுக்க "மீண்டும் எண் தரவும்" மழையாகப் பொழியும். பிடித்த இடத்தில் நெக்ஸ்ட்() ஒன்று போட்டு அந்தச் சொல்லைத் தள்ளிவிட வேண்டும்.

இவை பழகுநர் குழிகள். விழுந்தால் உடனே தெரிந்துவிடும். நான் ஸ்கேனரை ஃபைலுக்கு எடுப்பதை நிறுத்தியது வேறொன்றால். ஒரு பெயர்ப் பட்டியலை வரி வரியாகப் படித்து வேறொரு வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல் எழுதியிருந்தேன். ஹேஸ்நெக்ஸ்ட்லைன்() உண்மையாக இருக்கும் வரை படி, அவ்வளவுதான். ஓடியது, "முடிந்தது" என்றது, எக்ஸெப்ஷன் ஒன்றும் இல்லை. வெளியே வந்த பட்டியல் உள்ளே போனதில் மூன்றில் ஒரு பங்குதான். நின்றுபோன வரியை எத்தனை முறை பார்த்தும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சில வரிகள் தள்ளி ஒரு வளைந்த மேற்கோள் குறி இருந்தது. யாரோ பழைய விண்டோஸ் குறியாக்கத்தில் சேமித்து ஒட்டியது, 147 என்ற ஒற்றை பைட். இன்று பரவலாக உள்ள யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் அப்படி ஒரு பைட் தனியாக நிற்க முடியாது.

உள்ளே நடந்தது இது. ஸ்கேனரிடம் ஃபைலை நேராகக் கொடுத்தால், உடைந்த பைட்டைக் கண்டதும், பைட்டை எழுத்தாக்கும் டிகோடர் ஐஓ (உள்ளீடு-வெளியீடு) எக்ஸெப்ஷன் எழுப்பும். ஸ்கேனர் அதை விழுங்கிவிட்டு, "உள்ளீடு முடிந்தது" என்று நம்மிடம் சொல்லும். எழுத்துகள் கட்டுக்கட்டாக வருவதால் அந்தக் கட்டில் முன்னால் இருந்த நல்ல வரிகளும் சேர்ந்து போகும். அதனால்தான் நின்ற இடத்தில் குறை தெரியவில்லை. ஐஓஎக்ஸெப்ஷன்() என்று ஒரு மெத்தட் ஸ்கேனரில் இருக்கிறது. லூப் முடிந்ததும் அதை அழைத்து, நல் (null, எதுவும் இல்லை என்ற மதிப்பு) வருகிறதா என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அந்த மெத்தடை அழைத்த கோடை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மறைந்த செலவு இன்னொன்று, லொக்கேல். ஸ்கேனர் எண்ணைப் படிப்பது கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து. ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் தசமத்துக்குக் காற்புள்ளி. அங்கே 3.14ஐ நெக்ஸ்ட்டபுள்() மறுத்துவிடும். உங்கள் கணினியில் ஓடியது அடுத்தவர் கணினியில் ஓடாது. யூஸ்லொக்கேல்() மூலம் லொக்கேல்.ரூட் என்று கட்டிவைத்தால் தீர்ந்தது.

வேகம்? ஒவ்வொரு துண்டையும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைச் சொல்லும் விதி) வைத்துப் பொருத்திப் பார்ப்பதால் மெதுவுதான். லட்சக்கணக்கில் எண்களைப் படிக்கும் போட்டி நிரல்களில் இது உதைக்கும். நூறு எண்ணுக்கு யாருக்கும் தெரியாது.

ஸ்கேனரை எடுக்க வேண்டிய இடம்: கீபோர்டிலிருந்து சிறு உள்ளீடு, பாடப் பயிற்சி, இடைவெளியால் பிரிந்த கலவையான சிறு தரவு. ஃபைலுக்கு வேண்டாம்.

## பஃபர்டுரீடர்

அன்றாட வேலைக்கு என் கை தானாகப் போவது இதனிடம்தான். உள்ளே இன்புட்ஸ்ட்ரீம், அதன் மேல் பைட்டை எழுத்தாக்கும் இன்புட்ஸ்ட்ரீம்ரீடர், அதன் மேல் பஃபர்டுரீடர் என்று சட்டைக்கு மேல் சட்டை போடுகிற அமைப்பு. டெகரேட்டர் பேட்டர்னுக்கு எந்த வகுப்பிலும் காட்டும் உதாரணம். ஒவ்வொரு சட்டையும் ஒரே ஒரு வேலை செய்யும். நிரலைப் பார்த்தாலே எந்த இடத்தில் பைட் எழுத்தாகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். நீளமாக இருக்கிறது என்ற குறையை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த நீளம் வீண் போவதில்லை.

ரீட்லைன்() ஒரு வரியைத் தரும், முடிந்தால் நல் தரும். இணைப்பு அறுந்தால் ஐஓ எக்ஸெப்ஷன் நேராக உங்கள் முகத்துக்கே வரும். கம்பைலரும் அதைக் கையாளச் சொல்லி நச்சரிக்கும். அந்த நச்சரிப்பைத் தாங்காமல்தான் பலர் ஸ்கேனருக்கு ஓடுகிறார்கள். நச்சரிப்பு போகிறது, தகவலும் கூடவே போகிறது.

இதிலும் கமுக்கமான இடங்கள் உண்டு. இன்புட்ஸ்ட்ரீம்ரீடருக்குக் குறியாக்கத்தின் பெயரைக் கொடுத்து உருவாக்கினால், உடைந்த பைட்டுக்கு அது கத்தாது. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் ஒன்றை (�) வைத்துவிட்டு நகரும். ஃபைல்ஸ்.நியூபஃபர்டுரீடர்() அப்படி இல்லை, எக்ஸெப்ஷன் வீசும். இரண்டிலும் கைக்கு வருவது பஃபர்டுரீடர்தான், குணம் மட்டும் எதிரெதிர். ஃபைல் என்றால் இரண்டாவது வழியில் திறங்கள். வெளியாள் அனுப்பும் கந்தல் தரவை எப்படியாவது படித்தாக வேண்டும் என்றால் மட்டும் முதல் வழி.

குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் ஜாவா பதிப்பைப் பொறுத்தது. 2022இல் வந்த ஜாவா 18 முதல் இயல்பு யுடிஎஃப்-8. அதற்கு முன் ஃபைல்ரீடரும் இன்புட்ஸ்ட்ரீம்ரீடரும் இயங்குதளம் சொன்னதைக் கேட்டன. லினக்ஸில் தமிழ் அழகாக வரும், அதே நிரல் விண்டோஸில் கொத்துக்கறி போடும். ஃபைல்ஸ் கிளாஸின் மெத்தடுகள் மட்டும் தொடக்கத்திலிருந்தே யுடிஎஃப்-8. எந்தப் பதிப்பானாலும் குறியாக்கத்தை எழுதிவிடுங்கள். ஒரு சொல்தானே.

சில விண்டோஸ் கருவிகள் யுடிஎஃப்-8 ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை வைக்கும். ஜாவா அதை நீக்காது. முதல் வரியின் முதல் எழுத்தாக அது வந்து உட்கார்ந்திருக்கும். தலைப்பு வரியில் "பெயர்" இருக்கிறது, திரையிலும் "பெயர்" என்றே தெரிகிறது, ஒப்பிட்டால் மட்டும் பொய் என்கிறது. இப்படி ஒன்று நடந்தால் சரத்தின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள், ஒன்று கூடுதலாக இருக்கும்.

வரியைக் கையில் வாங்கிய பிறகு பிரிப்பது உங்கள் பாடு. அங்கே ஸ்ப்ளிட்() ஒரு சேட்டை செய்யும். வரியின் கடைசியில் உள்ள வெற்றுப் புலங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கி எறிந்துவிடும். "அ,ஆ,," என்பதைக் காற்புள்ளியில் பிரித்தால் நான்கு வர வேண்டும், இரண்டுதான் வரும். இரண்டாவது அளவுருவாக -1 கொடுத்தால் நான்கும் வரும். காற்புள்ளியால் புலங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைல் என்றால் மேற்கோளுக்குள்ளேயே வரி முறிவு இருக்கலாம், அதை ரீட்லைன்() குறுக்கே வெட்டிவிடும். சிஎஸ்விக்கென்று எழுதப்பட்ட நூலகத்தை எடுத்துக்கொள்வது மேல்.

ஒன்றை மட்டும் பலர் யோசிப்பதில்லை: ரீட்லைன்()க்கு உச்சவரம்பு கிடையாது. எதிர்முனையில் இருப்பவர் வரி முறிவே அனுப்பாமல் எழுத்தாக அனுப்பிக்கொண்டே இருந்தால் நினைவகம் தீரும் வரை சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்நியர் கையிலிருந்து சாக்கெட்டில் வரும் தரவுக்கு இது ஆகாது.

## பைட்டாகவே படிப்பது

படம், ஒலி, நெறிமுறை என்றால் இங்கே வேறு பேச்சில்லை, இன்புட்ஸ்ட்ரீம்தான். ஆனால் கைப்பிடி இல்லாத கத்தி இது.

முதலில் ரீட்(). ஒரு பைட்டைத் தரும் மெத்தட் ஏன் இன்ட் தருகிறது? 0 முதல் 255 வரை எல்லா மதிப்புமே தரவாக இருக்கலாம், முடிவைச் சொல்ல அதற்கு வெளியே ஒரு எண் வேண்டும், அது -1. வந்ததை முதலிலேயே பைட்டாக மாற்றிவிட்டு -1ஆ என்று பார்த்தால், 255 என்ற நல்ல பைட்டும் -1 ஆகிவிடும். ஃபைல் பாதியில் "முடிந்துவிடும்". முதலில் -1ஐச் சோதியுங்கள், மாற்றுவது அதற்கப்புறம்.

அடுத்தது பைட் வரிசையை நிரப்பும் ரீட்(). 1,024 கேட்டால் 1,024 தரும் என்று எந்த உறுதியும் இல்லை. குறைந்தது ஒன்று தரும், எத்தனை தந்தது என்று திருப்பிச் சொல்லும். ஃபைலில் பெரும்பாலும் கேட்டது கிடைக்கும், அதனால் எழுதியவருக்குச் சந்தேகமே வராது. நெட்வொர்க்கில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை, செய்திகளின் எல்லையைக் காப்பாற்றுவதில்லை. எதிர்முனை ஒரே முறை அனுப்பியது இங்கே மூன்று தவணையாக வரலாம். திருப்பிய எண்ணைப் பார்க்காமல் வரிசை முழுவதையும் பயன்படுத்தினால், வால் பகுதியில் முந்தைய சுற்றின் பழைய பைட்டுகள் ஒட்டிக்கொண்டு வரும்.

இதற்கு இரண்டு மருந்து. டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமின் ரீட்ஃபுல்லி(), கேட்டது முழுதாக வராவிட்டால் எக்ஸெப்ஷன் வீசும். ஜாவா 9 முதல் இருக்கும் ரீட்என்பைட்ஸ்(), வந்த வரைக்கும் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். என் கட்சி எது என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

அவெய்லபிள்() பற்றி ஒரு வார்த்தை. அது "ஃபைலின் அளவு" அல்ல. காத்திருக்காமல் இப்போது எத்தனை பைட் எடுக்கலாம் என்ற உத்தேசம். அதை வைத்து வரிசையின் அளவைத் தீர்மானிக்கும் கோட் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. கண்டால் அழித்துவிடுங்கள்.

எண்களை பைட்டிலிருந்து சேர்க்கும்போது டேட்டாஇன்புட்ஸ்ட்ரீம் பெரிய முனையை (எண்ணின் அதிக மதிப்புள்ள பைட்டை) முதலில் வைத்துத்தான் படிக்கும். பிஎன்ஜிக்குச் சரி. பிஎம்பி, வேவ் ஃபைல்கள் சிறிய முனையை முதலில் வைப்பவை. அவற்றுக்கு பைட்பஃபரில் வரிசையை மாற்றிப் படிக்க வேண்டும். மாற்றாவிட்டால் சத்தம் ஏதும் இல்லாமல் அபத்தமான எண்கள் வரும்.

எழுத்தை பைட் வழியாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் தமிழே நல்ல பாடம். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். "தமிழ்" என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக 15 பைட். ழ மட்டும் 224, 174, 180. இப்போது 8,192 பைட் பஃபரில் கட்டுக்கட்டாகப் படித்து, ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகச் சரமாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,192ஐ மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு. தொடர்ந்து தமிழாகவே இருந்தால் 2,730 குறிகள் முழுதாக வந்து, அடுத்ததின் முதல் இரண்டு பைட் இந்தக் கட்டில், மூன்றாவது அடுத்த கட்டில். இங்கே ஒரு வைரம், அங்கே ஒரு வைரம், நடுவில் ழ போயிற்று. ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு இது வரவே வராது. 8 கேபிக்குள் அடங்கும் சிறு ஃபைலில் சோதித்த தமிழருக்கும் வராது! இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் இந்த மிச்ச பைட்டுகளை அடுத்த சுற்றுக்குப் பத்திரமாக எடுத்துவைக்கும். எழுத்தென்றால் அந்த வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள்.

## மொத்தமாக அள்ளுவது

சிறு ஃபைலுக்கு ஃபைல்ஸ்.ரீட்ஸ்ட்ரிங்()கை மிஞ்சியது இல்லை. ஒரே வரி, தானே திறந்து தானே மூடும், இயல்பு யுடிஎஃப்-8, உடைந்த பைட்டுக்குக் கத்தும். அமைப்பு ஃபைல், டெம்ப்ளேட், சிறு ஜேசான் எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

செலவு நினைவகத்தில். பைட் வரிசையும் வேண்டும், அதிலிருந்து உண்டாகும் சரமும் வேண்டும், ஒரு கணமாவது இரண்டும் ஒன்றாக நிற்கும். 300 எம்பி தமிழ் உரை என்றால் வரிசைக்கு 300. சரத்துக்குள் ஒரு குறிக்கு இரண்டு பைட் என்பதால் அதற்கு ஏறத்தாழ 200. ஆக 500 எம்பி. ரீட்ஆல்பைட்ஸ்()க்கு வரிசையின் எல்லையும் உண்டு, 2 ஜிபியைத் தாண்ட முடியாது. சாக்கெட்டில் ரீட்ஆல்பைட்ஸ்() அழைத்தால், எதிர்முனை மூடும் வரை அசையாமல் நிற்கும். எதிர்முனை உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஃபைல்ஸ்.லைன்ஸ்() மொத்தமாக அள்ளுவது போலத் தோன்றும், ஆனால் வரிகளைத் தேவைக்கேற்பத்தான் எடுக்கும். 3 ஜிபி லாக் (நிகழ்வுப் பதிவு) ஃபைலில் ஒரு சொல்லைத் தேட அருமையான வழி. அதை ட்ரை அடைப்புக்குள் (முடிந்ததும் தானே மூடிவிடும் அமைப்பு) வைத்து மூடுவது உங்கள் பொறுப்பு. ஆயிரம் ஃபைலை இப்படித் திறந்து மூடாமல் விட்டால், ஒரு கட்டத்தில் புதிய ஃபைல் எதையும் திறக்க முடியாது என்று இயங்குதளம் கைவிரித்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஸ்கேனர் | பஃபர்டுரீடர் | இன்புட்ஸ்ட்ரீம் | மொத்தமாக (ரீட்ஸ்ட்ரிங்) |
|---|---|---|---|---|
| தருவது | சொல், எண், வரி | வரி, எழுத்து | பைட் | ஒரே சரம் |
| முடிவை அறிவது | ஹேஸ்நெக்ஸ்ட்() வகை | நல் | -1 | கேள்வியே இல்லை |
| இணைப்பு அறுந்தால் | விழுங்கிவிடும் | எக்ஸெப்ஷன் | எக்ஸெப்ஷன் | எக்ஸெப்ஷன் |
| உடைந்த எழுத்து | ஃபைலில் பாதியில் நிற்கும் | திறந்த விதத்தைப் பொறுத்தது | அதற்குத் தெரியாது | எக்ஸெப்ஷன் |
| நினைவகம் | குறைவு | ஒரு வரி அளவு | நீங்கள் வைத்த பஃபர் | ஃபைல் முழுவதும், சில நேரம் இருமடங்கு |
| வேகம் | மெது | நன்று | பஃபர் இருந்தால் மிக நன்று | நன்று |
| ஆகாத இடம் | பெரிய ஃபைல், ஏராளமான எண்கள் | பைனரி, அந்நியர் அனுப்பும் எல்லையற்ற வரி | தமிழ் உரையை நேராகப் படிப்பது | சாக்கெட், பெரிய ஃபைல் |

இந்த அட்டவணையில் இடம் பெறாத இருவர். ஸ்ட்ரீம்டோக்கனைசர் போட்டி நிரலாளர்களின் செல்லம், வேகமானது. எண்கள் எல்லாவற்றையும் டபுளாகவே (தசம எண் வகையாகவே) வைத்துக்கொள்வதால் 9,00,71,99,25,47,40,992ஐத் தாண்டிய முழு எண்களில் கடைசி இலக்கம் மாறிப்போகலாம், அதுவும் சத்தமில்லாமல். கடவுச்சொல் வாங்க கன்சோல் கிளாஸின் ரீட்பாஸ்வர்ட்() இருக்கிறது, திரையில் எழுத்து தெரியாது. 2025இல் வந்த ஜாவா 25இல் ஐஓ.ரீட்லைன்() என்று ஒன்று சேர்ந்திருக்கிறது (ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டு எழுத்துக் குறைவு: readln). பழகுநர்களுக்கு ஸ்கேனரின் இடத்தை அது பிடித்தால் நான் வருத்தப்பட மாட்டேன்.

## ஒரே ஸ்ட்ரீமுக்கு இரண்டு சட்டை

எதைத் தேர்ந்தாலும் ஒரு ஸ்ட்ரீமுக்கு ஒன்றுதான். சிஸ்டம்.இன் மேல் ஒரு மெத்தடில் ஒரு ஸ்கேனர், இன்னொரு மெத்தடில் இன்னொரு ஸ்கேனர் என்று உருவாக்குவது பரவலான பழக்கம். கீபோர்டில் தட்டிப் பார்த்தால் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் அங்கே வரி வரியாகத்தான் தரவு வருகிறது. அதே உள்ளீட்டை ஃபைலிலிருந்து திருப்பிவிட்டால், முதல் ஸ்கேனர் தன் பஃபர் கொள்ளும் அளவுக்கு முன்கூட்டியே அள்ளிக்கொள்ளும். இரண்டாவதுக்கு வெறும் இலை. "என் கணினியில் ஓடுகிறது, தானியங்கிச் சோதனையில் விழுகிறது" என்று வருகிறவர்களின் கோடில் நான் முதலில் தேடுவது இதைத்தான். வெளிச் சட்டையை மூடினால் உள்ளே இருப்பதும் மூடும் என்பதால், முதல் ஸ்கேனரை க்ளோஸ்() செய்தால் சிஸ்டம்.இன் நிரல் முடியும் வரை செத்ததுதான்.

தீர்வு, திறப்பவர் ஒருவராக இருப்பது. படிக்கிற மெத்தட் ஃபைலின் பெயரை வாங்க வேண்டாம், சிஸ்டம்.இன்னைத் தானே தேடிப் போகவும் வேண்டாம். உரை என்றால் ரீடரை, பைட் என்றால் இன்புட்ஸ்ட்ரீமை அளவுருவாக வாங்கட்டும். திறந்தவரே ட்ரை அடைப்புக்குள் மூடட்டும். அளவுருவில் பொதுவான வகையை வைப்பதன் லாபம் சோதனையில் தெரியும். ஃபைலே இல்லாமல் ஸ்ட்ரிங்ரீடரையோ பைட்அரேஇன்புட்ஸ்ட்ரீமையோ கொடுத்து மெத்தடை ஓட்டிப் பார்க்கலாம்.

அதோடு கூடுதலாக ஒன்று செய்கிறேன். ஃபில்டர்இன்புட்ஸ்ட்ரீமை நீட்டித்து ஒரு கஞ்ச ஸ்ட்ரீம் எழுதி வைத்திருக்கிறேன். வரிசையை நிரப்பும் ரீட்()டை மட்டும் மாற்றி எழுதினால் போதும்: எத்தனை பைட் கேட்டாலும் ஒன்றே ஒன்று கொடு. நெட்வொர்க்கின் மோசமான நாள் எப்படி இருக்குமோ அதை மேசை மேலேயே நடத்திக் காட்டும். திருப்பிய எண்ணைப் பார்க்காத கோட் முதல் ஓட்டத்திலேயே விழும். கட்டுக்கட்டாகச் சரமாக்கிய கோடிடம் "தமிழ்" என்று கொடுத்தால் வைரம் வைரமாகக் கொட்டும். இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் போர்த்திய கோட், ஒவ்வொரு பைட்டாக வாங்கினாலும், அதே ஐந்து குறிகளைக் கொடுக்கும்.